முதிகா தின்ற பாட்டுக்காரிகள்

என் குரலுக்கு எங்கள் மலைச்சரிவில் ஈடில்லை. தற்பெருமை இல்லை, ஊரே சொல்கிறது, நான் என்ன செய்ய? அந்தக் குரல் என் தம்பி முரீதியின் கல்யாணத்தன்று காலையில் அடியோடு கட்டிக்கொண்டது.

பெண் வீட்டு வாசலில் நாங்கள் பாட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். அவர்கள் தோற்றுக் கதவைத் திறக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். பெண்ணின் அத்தை கபுரா போன வருடம் ஒரு கூட்டத்தைச் சாயங்காலம்வரை நிறுத்தித் திருப்பியே அனுப்பியவள். முரீதி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுக்குப் போய் அழுவாங்களா? காட்டுல முதிகா மரம் செத்தா போச்சு?" என்றாள் என் தோழி கதோனி.

அதன் இலை எங்கள் குழம்புக்கு, பிசின் ஆடும் கத்திப்பிடியை ஒட்ட, பட்டை பல்வலிக்கும் சளிக்கும். கதோனி பச்சைப் பட்டையோடு வந்தாள்.

"நகத்தளவு கடி. சாறை மட்டும் முழுங்கு."

"நகத்தளவா? என் குரல் என்னடி அவ்வளவு சின்னதா?"

விரல் நீளத்துக்குக் கடித்தேன். என்னோடு பாடும் பன்னிரண்டு பேருக்கும் அதே அளவு பிய்த்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே பெண் வீட்டு வாசலுக்குப் போய் நின்றோம்.

"வந்திருக்கிறது ஆளா, ஆடா? சத்தத்தையே காணோமே!" என்றாள் கபுரா உள்ளேயிருந்து.

அப்போதுதான் காரம் ஏறியது. மிளகாயெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, "ஹா! ஹா!" என்று நாக்கை நீட்டிக்கொண்டு குதித்தோம்.

"இது என்னடி புதுப்பாட்டு? விடாதீங்க, பதிலுக்குப் பாடுங்க!"

உள்ளேயும் "ஹா! ஹா!" என்று தரை அதிர ஆரம்பித்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் எரிந்தது, எரிய எரிய இன்னும் சிரித்தோம். குரல் போன கவலையே போயிற்று.

படாரென்று கதவு திறந்தது. முக்காடு போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய மணப்பெண் முகாமி, கை நிறையக் கஞ்சிக் குடுவைகளோடு நின்றாள்.

"அடிப்பாவி! யாரைக் கேட்டுத் திறந்த? தோத்துட்டோமேடி!" கபுரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோத்தா தோத்துட்டுப் போங்க அத்தை. எங்க வீட்டு ஆளுங்க தவிச்சுப் போய் நிக்கிறாங்க, பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?"

"எங்க வீடா? அதுக்குள்ளயா!" என்றாள் கபுரா. நான் கஞ்சியைக்கூட வாங்காமல், மூக்கு ஒழுக ஒழுக முகாமியைக் கட்டிக்கொண்டேன்.