செத்துப்போன கம்ப்யூட்டர்

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். நோன்புக்கு வாங்கிய முற்பணம் போக, சம்மாந்துறை அரிசி மில்லில் அப்துல் ஸமட் ஹாஜியார் எனக்குத் தர வேண்டிய மூட்டைக்கூலி அது. போன வியாழக்கிழமை கம்ப்யூட்டரில் நானே வாசித்தேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன் நான். ஒன்றை வாசித்துவிட்டால் எனக்கு மறக்காது.

அந்தக் கணக்கை எக்செல்லில் செய்து வைத்தவன் ஹாஜியாரின் தங்கச்சி மகன் ஜுனைட். ஆளுக்கொரு ரகசியச் சொல். அதைத் தட்டினால் அவரவர் கூலி மட்டும் தெரியும். நல்ல வேலைதான். பிறகு அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். இந்தக் கிழமை மில்லுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஃபைலைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து போட்டார்கள். என் சொல்லைத் தட்டினேன். பூச்சியம். சவளக்கடையிலிருந்து வரும் கதிர்காமத்தம்பி தட்டினார், அவருக்கும் பூச்சியம். மூட்டை தூக்கும் எட்டுப் பேருக்கும் அதுதான்.

ஹாஜியார் கையை விரித்தார். பழைய மெஷின் செத்துவிட்டதாம். கணக்கும் அதோடு போய்விட்டதாம். நாங்கள் அல்லாஹ்வுக்காகப் பொறுக்க வேண்டுமாம். ஆனால் நாங்கள் வாங்கிய முற்பணம் மட்டும் போகவில்லை. அதை அவர் கொப்பியில் பேனையால் எழுதி வைத்திருந்தார். இனி வேலை செய்து அதைக் கழிக்கச் சொன்னார். கழித்த காசை இன்னொரு முறை.

 செத்ததென்று அவர் சொன்ன பெட்டியைச் சுமந்தவனே நான்தான். ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டு மேல்மாடிக்கு, மகள் ஸப்னாவின் படிப்புக்கென்று. மேசையில் வைத்த கையோடு அந்தப் பிள்ளை சுவிட்சைப் போட்டாள், வெளிச்சம் வந்தது. சுமக்கிறவனுக்குக் கண்ணும் இருக்கும் என்பது ஹாஜியாருக்கு நினைவில்லை.

எல்லாரும் கேட்கட்டும் என்று, அவர் முன்னாலேயே ஜுனைட்டுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் வைத்தேன். அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"காக்கா, அந்த ஃபைல் வெறும் பதர். நெல்லு அதுக்குள்ள இல்ல. உங்கட கணக்கெல்லாம் பழைய மெஷினுக்குள்ள பூட்டிக் கிடக்கு, சாவியும் அதுக்குள்ளதான். மாமாக்கிட்ட சொல்லிப்போட்டுத்தானே வந்த நான். அழிக்காம இரிந்தா திறக்கும்."

மாமாவிடம் சொன்னானாம். எட்டுப் பேரும் ஹாஜியாரைப் பார்த்தோம். அவர் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது எங்க இரிக்கி எண்டு எனக்குத் தெரியும் ஹாஜியார். நான் வெச்ச இடந்தான். நீங்க கொண்டாறீங்களா, நாங்க எட்டுப் பேரும் உங்கட ஊட்டுக்கு வரவா?"

காரில் போய் அவரே கொண்டுவந்தார்.

பழைய மெஷினில் என் சொல்லைத் தட்டினேன். நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. எண்ணித் தந்தார், நானும் இரண்டு தரம் எண்ணினேன். கதிர்காமத்தம்பியின் காசும் மற்ற ஆறு பேரின் காசும் கைக்கு வரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகுதான் கொப்பியில் முற்பணத்தை வெட்டி, என் பெயருக்கு நேரே பூச்சியம் போடச் சொன்னேன்.

போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சொன்னார்:

"காலிதீன், இதத் தூக்கிட்டுப் போய் ஊட்ட வெச்சிட்டு வா."

"கூலி எவ்வளவு ஹாஜியார்? முதல்ல கைல தாங்க."

பெட்டி மேசையிலேயே கிடந்தது. அவருக்கும் எனக்கும் கடன் முடிந்திருந்தது.