எட்டாவது லைன்

புலி பாதித் தாவலில் நின்றது.

ஸ்யாமளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்திரண்டு. அறையிலிருந்த ஏழு டெர்மினல் திரைகளிலும் பச்சைக் கோடுகள் அப்படியே உறைந்திருந்தன. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. இருபது விநாடி கழித்து, தட்டியதெல்லாம் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. மூன்று புலிகளும் ஒரே நேரத்தில் தாவி மூன்று ஆடுகளைத் தின்றுவிட்டன.

“டேய் சங்கிலி, அந்த ஆட்ட நான் அப்பவே நகத்திட்டேன்டா! மெஷின் முழிக்கிறதுக்குள்ள தின்னுட்டியே!” என்று கத்தினான் கருத்தக்கண்ணன்.

“பசிச்ச புலி மெஷினக் கேட்டா திங்கும்? போ மாப்ள, போய் வேற ஆடு வாங்கிட்டு வா.”

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். எல்லோரும் கடைசி வருஷ மாணவர்கள். ஸ்யாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் நேரத்தைக் குறித்தாள். அதற்கு முந்தைய வரி எட்டு நாற்பத்தாறு. அதற்கு முந்தையது எட்டு நாற்பது. ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை, அலாரம் வைத்தது போல.

அழகர்கோவில் சாலையிலிருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு அன்று பதினொரு மணிக்குக் கமிட்டி வருகிறது. புதிய கம்ப்யூட்டர் படிப்புக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று அது முடிவு செய்யும். ‘எல்லா டெர்மினலும் ஒரே நேரத்தில் ஓடுவதைக் காட்டுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் ஸ்யாமளா ஆடுபுலி ஆட்டத்தை ப்ரோகிராமாக எழுதினாள். மூன்று பேர் ஆளுக்கொரு புலி. நான்கு பேர் பதினைந்து ஆடுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முறை வைத்து ஆடுவது கிடையாது. யார் விரல் வேகமோ அவர் காய் நகரும்.

டெர்மினல் என்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான்; எல்லாம் கேபிளில் வந்து சேரும் மெஷினுக்குள் கணக்குப் போடும் மூளை ஒன்றே ஒன்றுதான். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்வான். அவன் ஓட்டம் போதிய வேகமாக இருந்தால், ஒவ்வொருவரும் அவன் தன் இலை முன்னாலேயே நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஏழு டெர்மினலும் ஒரே நேரத்தில் ஓடுவதாகத் தெரிவதும் அப்படித்தான். திடீரென்று பந்தி முழுக்கக் காய்ந்தால், பரிமாறுகிறவனை வேறு யாரோ இழுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

யார் இழுக்கிறார்கள்? அதுதான் இரண்டு நாளாக அவளுக்குப் பிடிபடவில்லை.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முன்னால் இந்த நோய் இல்லை. ஒரு வார விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து, புலியின் தாவல் விதியை அவள் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தாள். திரும்பி வந்து அதை ஏற்றிய நாளிலிருந்து உறைகிறது. அப்படியானால் தப்பு தன்னுடையதுதானா? மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய வேலை தற்காலிகமானது. அவளுக்கு முன்னால் இருந்த சுப்பராமன், டிரஸ்டிகள் வந்த அன்று மெஷின் படுத்துவிட்டதால், அன்று மாலையே வேலை போய் டிபன் கேரியரோடு பஸ் ஏறினார். அவருடைய காபி டம்ளர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. எடுக்கக்கூட அவர் வரவில்லை.

ஒன்பதரை மணிக்குத் துறைத் தலைவர் ஹாலாஸ்யம் கதவில் தலையை நீட்டினார்.

“என்னம்மா, இன்னும் நிக்கறதா?”

“பாத்துண்டிருக்கேன் சார்.”

“ரெண்டு நாளா இதையேதான் சொல்றே. ஒன் பர்மனென்ட் ஆர்டரை நான் இன்னும் டைப் பண்ணக் கொடுக்கலே, தெரியுமோல்லியோ? கமிட்டி போனப்புறம்தான். அவா முன்னாடி இது நின்னுதுன்னா, யார் எழுதின ப்ரோகிராம்னு கேப்பா. நான் பொய் சொல்ல முடியாது.”

அவர் போய்விட்டார். செய்ய வேண்டிய சோதனை எது என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆட்டத்தை முழுக்க நிறுத்திவிட்டு, அப்போதும் மெஷின் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிறுத்தியதும் நோயும் நின்றுவிட்டால், குற்றவாளி அவள் என்று தீர்ந்துபோகும். அதற்குப் பயந்தே அதை மட்டும் விட்டு மற்றதெல்லாம் செய்தாள். புலியைக் குறைத்தாள், ஆட்டைக் குறைத்தாள், வரி வரியாகத் தன் ப்ரோகிராமைத் தடவினாள்.

“எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க” என்று மாணவர்களிடம் சொன்னாள்.

“ஜெயிக்கப்போற நேரத்துலயா மேடம்?”

“போங்கப்பா, சீக்கிரம்!”

அறை காலியானதும் ஆட்டத்தை நிறுத்தினாள். ஒரு டெர்மினலில் உட்கார்ந்து, மணி என்ன என்று மெஷினைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கச் சொன்னது. ஒன்பது நாற்பத்தாறுக்குப் பதில் வரவில்லை. இருபது விநாடி உறைந்து, பிறகு மீண்டது.

அவளுடைய ப்ரோகிராம் இல்லை. பெருமூச்சு விட வேண்டிய இடம்தான். ஆனால் வெறும் மெஷின், யாரும் தொடாத மெஷின், எதையோ பாடுபட்டுச் செய்கிறது என்பது முதல் பயத்தைவிட மோசமாக இருந்தது.

மெஷின் தொடங்கும் ஒவ்வொரு வேலைக்கும் வரிசையாக ஒரு எண் தரும். உறைவதற்கு முன் அவள் கேட்டபோது கடைசி எண் 412. உறைந்து மீண்டதும் கேட்டாள். 437. இடையில் அவள் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. இருபத்தைந்து வேலைகள் பிறந்து, அவள் கண்ணில் படாமல் செத்திருக்கின்றன.

உறைந்து மீண்ட பிறகு கேட்டால் பிணம்கூட மிஞ்சாது. அதனால் நான்கு வரியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்து டிஸ்கில் எழுதி வைப்பது அதன் வேலை. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மெஷின் உறைந்து மீண்டது. அவள் பட்டியலைத் திறந்தாள்; உறைவுக்கு நடுவிலும் அது இரண்டு மூன்று முறை எழுதியிருந்தது.

எட்டாவது லைன்.

உள்ளே வருகிறவரின் பெயரைக் கேட்டு, பிறகு பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ப்ரோகிராமுக்கு லாகின் என்று பெயர். அது எட்டாவது லைனில் திரும்பத் திரும்ப எழுந்திருந்தது. யாரோ அங்கே உட்கார்ந்து உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். வந்தவர் சொன்ன பெயரும் பக்கத்தில் பதிவாகியிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

பெயர் கேட்க மெஷின் திரையில் காட்டும் சொல் ‘லாகின்’. வந்தவர் சொன்ன பெயரும் ‘லாகின்’. ‘நீ யார்’ என்று கேட்டதற்கு ‘நீ யார்’ என்று பதில்.

ஒவ்வொரு டெர்மினலுக்கும் மெஷினிலிருந்து ஒரு கேபிள், அதுதான் லைன்; ஏழு இந்த அறைக்குள், எட்டாவது லைன் மாடியில் பிரின்சிபால் அறைக்குப் போகிறது. பிரின்சிபால் மெட்ராஸ் போய் ஒன்பது நாள் ஆகிறது. அறை பூட்டியிருக்கிறது.

அட்டெண்டர் முத்திருளனைத் தேடிப் பிடித்துச் சாவிக்கொத்தோடு மாடிக்கு அழைத்துவர அரை மணிக்கு மேல் ஆனது.

“பூட்டுன ரூமுக்குள்ள ஆரும்மா இருக்கப் போறா?”

“யாரோ டைப் அடிக்கிறாங்கண்ணே. ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா.”

முத்திருளன் சாவியைத் துவாரத்தில் விடாமல் அவள் முகத்தைப் பார்த்தார். “வெளையாடுறீகளா? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குங்கம்மா. நீங்களே தெறங்க.”

அவளே திறந்தாள். யாரும் இல்லை. மேசை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. டெர்மினலும் இல்லை. சுவரோரமாக இறங்கிய கேபிளின் நுனி மட்டும் தரையில் கிடந்தது.

“டெர்மினல் எங்கண்ணே?”

“அதுவா? பூசைக்குத் தூக்கிட்டுப் போயி ஹால்ல சாமி படத்துக்கு முன்னாடி வச்சோம்ல. சந்தனம், பொட்டு எல்லாம் வச்சு. மறுநாளு பெரிய ஐயா கையால எடுக்கணும்னு முறை. அவுக அவசரமா மெட்ராஸ் போயிட்டாக. அவுக வராம எப்புடி எடுக்குறது? தொட மாட்டேம்மா, இப்பமே சொல்லிட்டேன்.”

அவள் தரையில் உட்கார்ந்து அந்த நுனியைக் கையில் எடுத்தாள். பயம் ஒவ்வொரு விரலாக விட்டுப் போனது.

கேபிளுக்குள் இரண்டு கம்பிகள். ஒன்றில் மெஷின் பேசும். மற்றதில் டெர்மினல் பதில் சொல்லும். மாடியிலிருந்து கம்ப்யூட்டர் அறை வரை இருநூறு அடி, இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. நுனியில் டெர்மினல் இருந்தால் பதில் கம்பியை அது இறுக்கிப் பிடித்திருக்கும். இல்லையென்றால் அந்தக் கம்பி தளர்ந்து கிடக்கும்; பக்கத்துக் கம்பியில் போகும் பேச்சு அதில் கசிந்துவிடும். மெஷின் ‘லாகின்’ என்று கேட்கும். அதன் சொந்தக் குரலே பதிலாகத் திரும்பி வரும். ஆள் வந்துவிட்டான் என்று நம்பி, ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு டிஸ்கிலிருந்து லாகின் ப்ரோகிராமை இழுத்து வரும். பெயர் தப்பு என்று சொல்லி மறுபடி கேட்கும். மறுபடி அதே எதிரொலி. கொஞ்ச நேரத்தில் இந்த லைன் தொந்தரவு என்று முடிவு கட்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கும். பிறகு, பாவம், புதிதாக நம்பிக்கை வந்து மறுபடி கேட்கும்.

அந்த டெர்மினல் பூஜையில் இருக்கிறது, ஓடவில்லை என்று, விடுமுறையில் வீட்டிலிருந்த அவளைத் தவிரக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். ஓடாத ஒன்று எப்படி மெஷினைப் பிடித்து இழுக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கமிட்டி கால் மணி முன்னதாகவே வந்துவிட்டது.

அவள் இறங்கி ஓடினாள். மாணவர்கள் ஏற்கெனவே ஏழு டெர்மினலிலும் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். நான்கு பெரியவர்கள் ஹாலாஸ்யத்தோடு உள்ளே வந்து, சங்கிலியின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஸ்யாமளா மூலையில், மெஷினைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனியாக இருந்த தலைமை டெர்மினலில் உட்கார்ந்தாள். நோட்டின்படி அடுத்த உறைவுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

எந்த லைனில் காது கொடுக்க வேண்டும் என்று மெஷினிடம் ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்தாள். விரல் வழுக்கி ஏழாவது வரியில் நின்றது. அதை அணைத்திருந்தால் சங்கிலியின் புலி அங்கேயே செத்திருக்கும். மூச்சை இழுத்துவிட்டு ஒரு வரி இறக்கினாள். எட்டாவது லைனுக்கு எதிரே இருந்த சொல்லை அழித்து ‘ஆஃப்’ என்று எழுதினாள். பட்டியலை மறுபடி படிக்கும்படி மெஷினுக்குச் சொன்னாள்.

பத்து ஐம்பத்திரண்டு. ஹாலாஸ்யம் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் மேலே ஏறி, உச்சியைக் கடந்து, மறுபக்கம் இறங்கியது.

“தின்னாச்சு!” என்று கத்திவிட்டுச் சங்கிலி நாக்கைக் கடித்துக்கொண்டான். கமிட்டியில் ஒருவர் குனிந்து, “அந்த ஓரத்து ஆட்டைப் பாருப்பா” என்று கருத்தக்கண்ணனுக்கு யோசனை சொன்னார். பத்து ஐம்பத்தெட்டும் போனது, பதினொன்று நான்கும் போனது. புலிகள் நிற்கவே இல்லை.

“ஆர்டரை டைப் பண்ணக் கொடுத்துடறேன்” என்று ஹாலாஸ்யம் அவள் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். “என்ன பண்ணினேன்னு லாக் புஸ்தகத்துல எழுதி வை.”

அவள் எழுதினாள்: “நுனியில் டெர்மினல் இல்லாத லைனை மெஷினின் பட்டியலில் ‘ஆஃப்’ செய்துவிட வேண்டும். எட்டாவது லைன் அப்படிச் செய்யப்பட்டது. அதன் பிறகு உறையவில்லை.”