நாலு வயசுக் கழுத்து

யானைக்கவுனியில் அலி அக்பரின் மணிக்கடைக்கு வந்தபோது ராஜாத்திக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன் தொலைந்த பெண் திரும்பி வந்தால் எந்தத் தாய்க்குத்தான் பாவும்?

எம்டன் கப்பல் குண்டு போட்டதும் பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடியதே, அந்த ஓட்டத்தில் தொலைந்தவள் குப்பு. ராயபுரம் ஸ்டேஷனில் நெரிசலுக்குள் பிள்ளையை ரயிலில் ஏற்றியாகிவிட்டது; ராஜாத்தி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, எமன் கண்ணில் படாமலிருக்கக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பம்மா என்று பேர் வைத்த பிள்ளை. எமனை ஏமாற்றியவளுக்கு ஒரு ரயிலை நிறுத்தத் தெரியவில்லை. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அதே நாளில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி விசாரித்துவிட்டு வருவாள்.

போன வாரம் மீஞ்சூரிலிருந்து அடைக்கலமேரி என்று ஒருத்தி, பதினைந்து வயசுப் பெண்ணோடு வந்து குப்பு கழுத்தில் கிடந்த மாதிரியே ஒரு சிவப்பு மணிமாலையை நீட்டினாள். "இந்தா அக்கா, உம் பொண்ணு. எல்சின்னு பேர் வச்சி வளத்தேன்" என்றாள். ராஜாத்தி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கம்தான் வாயை மூடவில்லை. இந்த மாதிரி மாலை மூர்மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கிடக்கிறதாம்! அந்த வாய்களை அடைக்கத்தான், மாலை வாங்கின கடைக்கே வந்திருந்தாள்.

"பாய், இது உங்க கட மாலதான? பாத்து சொல்லுங்க."

அலி அக்பர் மாலையை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "தோ, ஒடஞ்ச மணியப் பாரு. மேல செவப்பு, உள்ள வெள்ள. இத்தாலிக்காரன் சரக்கு. ஜெர்மன்காரன் சண்ட வந்ததும் இது நின்னுபூட்ச்சி. அப்பால வந்தது ஜப்பான் மணி, உள்ளயும் வெளியவும் ஒரே செவப்பு. மெழுகு போட்ட நூலு, நான் கோத்தது. சண்டைக்கு மின்ன வித்த மாலதாம்மா, சந்தேகமே இல்ல."

"என் வயித்துல பால வாத்தீங்க பாய்! பத்து வயசு வரைக்கும் கழுத்தவுட்டு கயட்டவே இல்லியாம் எங்க குப்பு!"

அவருடைய விரல் மாலையின் பின்பக்கத்தில் நின்றது. பிள்ளைகளுக்குக் கோக்கும்போது அவர் பின்னால் நூலை மிச்சம் விட்டு, ஆறு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். கழுத்து பெருக்கப் பெருக்க, வருஷத்துக்கு ஒன்றாக அவிழ்த்தால் மாலை நீளும்.

"நீ எத்தினி முடிச்சி அவுத்த?"

"ரெண்டு. மூணு வயசுல ஒண்ணு, நாலு வயசுல ஒண்ணு."

"பாக்கி நாலும் அப்டியே கீதும்மா. நான் வச்ச மெழுகுகூட ஒடயல. பத்து வயசுப் புள்ளைக்கு இது கழுத்த சுத்தி வராது."

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சா உனுக்கு?" என்று கத்திவிட்டு மாலையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ராயபுரம் வரை நடந்தே வந்தாள். பாவம், அவர் என்ன செய்வார்? அந்த நாலு முடிச்சையும் முதல் நாளே இவளும் பார்த்தவள்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வீட்டில் எல்சி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடைக்கலமேரி மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். ராஜாத்தி அவள் மடியில் மாலையைப் போட்டாள்.

"நாலு முடிச்சி அவுக்காத கீது. எம்புள்ளைக்கி இன்னா ஆச்சி? சொல்லு."

அடைக்கலமேரி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஜொரத்தோட ரயில்லேந்து எறங்குச்சிக்கா. மூணே நாளு. ஏரிக்கரையில பொதச்சேன். வருஷா வருஷம் நீ ஸ்டேஷன்ல கேட்டுகினு நிக்கசொல்ல தூரமா நின்னு பாப்பேன், சொல்ல தெகிரியம் வரல. இவ எந் தங்கச்சி பொண்ணு. தாயில்ல, தகப்பனில்ல. நானும் பூட்டா இவளுக்கு யாருக்கா? ஒரு அம்மா இருக்கட்டுமேன்னு..."

ராஜாத்தி அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை தன் மார்பிலேயே விழுந்தது. பதினொரு வருஷமாக, பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அடக்கி வைத்த அழுகை அத்தனையும் வந்தது. தெருப் பெண்கள் வாசலில் கூடினார்கள். அழுது ஓய்ந்து, ராஜாத்தி அடைக்கலமேரி பக்கம் திரும்பினாள்.

"குப்பு எதுனா கேட்டாளா?"

"கழுத்து வீங்கிப் பூட்ச்சேன்னு முடிச்ச அவுக்கப் போனேன். வுடல. எங்கம்மாதான் அவுக்கும், வரட்டும்னு கைய தட்டிவுட்டுச்சி."

அதற்குள் எல்சி தன் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். "நான் போறேம்மா" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "போறேங்க" என்றாள்.

ராஜாத்தி மாலையை எடுத்து, முடிச்சு எதையும் அவிழ்க்காமல், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்க போற? உக்காரு. இந்த மால உனுக்கு இல்ல, இது குப்புது. உனுக்கு வேற வாங்கித் தாரேன்."