முதலாளி குடித்த தேத்தண்ணி

"சோடா எங்கை?" குசினி வாசலில் நின்று சீவரத்தினம் கத்தினார். "முதலாளி இப்ப வந்திடுவார். நீ தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறாய். உனக்கென்ன விசரே?"

மனைவி இராசமலர் திரும்பியும் பார்க்கவில்லை. "எங்கடை வீட்டிலை தேத்தண்ணிதான் இருக்கு. விருப்பமெண்டால் குடிக்கட்டும், இல்லாட்டிச் சும்மா போகட்டும். உந்தச் சோடா வாங்கி எனக்கு அலுத்துப்போச்சு."

"வாயை மூடு!" சீவரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் பறந்தார்.

முதலாளியின் சாதி வேறு, இவர்களுடைய சாதி வேறு. இவர்கள் வீட்டுக் கேத்தலில் கொதித்த தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காது. அதற்காக அவர் வராமல் விடுவதுமில்லை. வேலையாட்களின் நல்லது கெட்டதுக்கு வந்துபோவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஆகவே சோடா. போத்தலை அவர் கண்முன்னே திறக்க வேண்டும், வீட்டுக் கிளாசில் ஊற்றக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கும் கனவான்கள், தாங்கள் எந்தெந்த வீட்டில் சோடா மட்டும் குடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

சீவரத்தினத்தின் வயிற்றெரிச்சல் முதலாளிமேல் அல்ல, ஆழ்வாப்பிள்ளைமேல்தான். இரண்டு பேரும் ஒரே சாதி, ஒரே ஒழுங்கையில் வீடு. யுத்தம் முடிந்து கொழும்புக்குப் பாதை திறந்த வருடம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாவகச்சேரியில் முதலாளியின் ஸ்ரோருக்கு வேலைக்குப் போனார்கள். கொழும்பு லொறிகளிலிருந்து சீமெந்தும் மாவும் கம்பியும் இறக்குகிற வேலை. எல்லாம் ஒன்றாகவே நடந்தது, ஆழ்வாப்பிள்ளையின் மகள் துஷாந்தினி பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வரும்வரைக்கும். அன்றைக்கு முதலாளி அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அடுத்த வருடம் சீவரத்தினத்தின் மகனுடைய கல்யாணத்துக்கு வந்தவர் வழக்கம்போலச் சோடாதான் குடித்தார். அந்தக் கோபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனான சீவரத்தினம் விருந்தில் கைகூட நனைக்கவில்லை.

முதலாளிக்கும் இந்த எரிச்சல் தெரியும். லொறி பிந்தி வந்தால் இறக்கி முடியும்வரை எவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் மேலதிக நேரக் கூலிக்கான ஓ.ரீ. என்ற சொல்லை அந்த ஸ்ரோரில் யாரும் உச்சரித்ததில்லை. அதற்குப் பதிலாக முதலாளி ஆளைத் தனியே கூப்பிடுவார். சேட் பொக்கற்றுக்குள் ஒரு தாளைச் செருகி, "உனக்கு மட்டும்தான், மற்றவைக்குச் சொல்லாதை" என்பார். வாங்கியவன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு, மற்றவனின் பொக்கற் புடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். எல்லோரும் அடுத்தவன் பொக்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முதலாளி கட்ட வேண்டிய ஈ.பி.எவ். சேமலாப நிதி என்று ஒன்று இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தத் தைப்பொங்கலோடு ஆழ்வாப்பிள்ளையின் முதுகு போய்விட்டது. முதலாளி ஒரு வேட்டி சால்வை கொடுத்து அனுப்பிவைத்தார். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் துஷாந்தினி, "உங்கடை ஈ.பி.எவ். எங்கை, அப்பா?" என்று கேட்டாள். பிறகு தகப்பனைக் கையோடு அரசாங்கத்தின் லேபர் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய் முறைப்பாடு கொடுத்தாள். அப்படி நிரந்தரமான ஒரு வேலையாள் தன்னிடம் இருந்ததேயில்லை என்று முதலாளி பதில் சொன்னார். திங்கட்கிழமை விசாரணை.

சீவரத்தினம் போத்தலோடு திரும்பி வரவும் கார் வாசல் படலையடியில் நிற்கவும் சரியாக இருந்தது. முதலாளி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து போத்தலைப் பார்த்தார்.

"உதேன் சோடா? தேத்தண்ணி இல்லையோ?"

சீவரத்தினத்துக்குத் தலை கிறுகிறுத்தது. இராசமலர் கப்பைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளைபோல முழுவதையும் குடித்து முடித்தார்.

"சீவரத்தினம், உவன் ஆழ்வான் செய்த வேலையைப் பாத்தியே? என்னைக் கந்தோருக்கு இழுக்கிறான். நீ பெரிசா ஒண்டும் கதைக்க வேண்டாம். அவன் இடைக்கிடை வந்து போனவன் எண்டு மட்டும் சொல்லு, காணும்."

"அப்ப இவர் எப்பிடி, முதலாளி?" இராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இவரும் இடைக்கிடை வந்து போறவரோ?"

"பிள்ளை, சீவரத்தினம் எங்கடை ஆள். அவனை நான் பேந்து தனியப் பாப்பன். மற்றவைக்குச் சொல்ல வேண்டாம்."

கார் போனதும் சீவரத்தினத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் வயிறு எரிவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் தேத்தண்ணி குடித்ததில் என்ன சுகம்? நேரே அவர் வீட்டுக்குப் போனார். ஆழ்வாப்பிள்ளை முற்றத்தில் குந்தியிருந்து இடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"முதலாளி என்ரை வீட்டை வந்தவர்."

"கார் போனதைக் கண்டனான்."

"தேத்தண்ணி குடிச்சவர்."

ஆழ்வாப்பிள்ளையின் கை நின்றது. "முழுக்கக் குடிச்சவரோ?"

"அடிமட்டும்."

"என்ரை வீட்டிலை பாதியை வைச்சிட்டுப் போனவர்." ஒரு கணம் அவர் முகமும் சுருங்கத்தான் செய்தது. பிறகு சிரித்துவிட்டார். "அப்ப உன்னட்டைக் கேட்டது பெரிய சாமான்தான், மச்சான்."

"என்னடா சொல்லுறாய்?"

"என்ரை பெட்டையின்ரை சாமத்தியவீட்டுக்கு முதல் கிழமை எல்லாருமாய்ப் போய் ஓ.ரீ. கேக்கிறதெண்டு நிண்டம். நான்தான் கதைக்கிறதெண்டு இருந்தது. பேந்து நான் கதைக்கேல்லை. ஏனெண்டு யோசிச்சனியே?"

சீவரத்தினம் யோசித்ததில்லை. அந்த நாட்களில் அவர் தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

"போகேக்கை காரடியிலை வைச்சுச் சொன்னார். உன்ரை வீட்டிலை குடிச்சிட்டன் ஆழ்வான், இனி நாங்கள் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள்ளை ஓ.ரீ. என்ன ஓ.ரீ. எண்டு. எனக்கு அண்டைக்குத் தலைகால் தெரியேல்லை, மச்சான். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்."

"அப்ப என்ரை ஓ.ரீ.யும் சேந்தெல்லோ போச்சு!"

"ஓம். எல்லாற்றையும் போச்சு."

சீவரத்தினம் படலையை அடித்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கோபம் முதலாளிமேல் வந்திருக்க வேண்டும். அது ஆழ்வாப்பிள்ளைமேல்தான் வந்தது. தன்னுடைய ஓ.ரீ.யையும் விற்றுப் பெருமை வாங்கியவன், இப்போது தனியாக ஈ.பி.எவ். வாங்கப் போகிறானாம்! திங்கட்கிழமை வரட்டும் என்று கறுவிக்கொண்டார்.

"அவருக்கு இல்லையெண்டு நீங்கள் சொன்னால் உங்களுக்கும் இல்லைத்தான்," என்றாள் இராசமலர். "நாளைக்கு உங்கடை முதுகு விழேக்கை எந்த வாயாலை போய்க் கேப்பியள்?"

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி தன் வானிலேயே சீவரத்தினத்தை ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் மூன்று வேலையாட்களும் சாட்சிகளாக வானில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையும் மகளும் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

விசாரித்த உத்தியோகத்தரின் பெயர் ஜெசிதா. ஆழ்வாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "ஐயா, இருங்கோ" என்று கதிரையைக் காட்டினாள்.

ஐயாவாம்! கதவோரம் நின்ற சீவரத்தினத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இவன் தன்னோடு சீமெந்துத் தூசி தின்றவன். இப்போது அரசாங்கக் கந்தோரில், அரசாங்கக் கதிரையில் ஐயாவாக இருக்கிறான்.

"இவர் உங்கடை ஸ்ரோரிலை வேலை செய்தவரோ?" ஜெசிதா சீவரத்தினத்திடம் கேட்டாள்.

முதலாளி கண்ணைக் காட்டினார். சீவரத்தினம் அதைக் கண்டார். ஆனால் அவருடைய கண் மறுபடியும் அந்தக் கதிரைக்கே போனது.

"பாதை திறந்த வருசம் ரெண்டு பேரும் ஒண்டாய்ச் சேந்தனாங்கள், பிள்ளை."

"இடைக்கிடை வந்து போனவர் எண்டு முதலாளி சொல்லுறாரே?"

"கம்பிக் கட்டை ஒருத்தன் தனியத் தூக்கேலாது. ஒரு நுனி என்ரை தோளிலை, மற்ற நுனி அவன்ரை தோளிலை. அவன் இடைக்கிடை வந்தவனெண்டால் மற்ற நாளெல்லாம் நான் ஆரோடை தூக்கினனான்?" குரல் உயர்ந்துவிட்டது. "அவனுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு. அதிலை ஒரு சதம் குறைஞ்சாலும் நான் ஒத்துக்கொள்ளன்!"

துஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெசிதா நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்கும் ஈ.பி.எவ். கட்டேல்லையோ, ஐயா?"

"கட்டேல்லை. அதையும் எழுதுங்கோ."

முதலாளிக்கு இருக்கிற இடம் மறந்துவிட்டது. "டேய், உன்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான் எல்லோடா!"

"எங்கடை வீட்டிலையும் வெள்ளிக்கிழமை குடிச்சனியள், முதலாளி," என்றான் கிருஷாந். அவன் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த மூன்று சாட்சிகளில் இளையவன்.

"எங்கடை வீட்டிலை சனிக்கிழமை," என்றார் பக்கத்தில் இருந்தவர். மூன்றாவது ஆள் தலையை ஆட்டினார்.

சீவரத்தினத்தின் முகம் செத்துப்போனது. இத்தனை வருடம் ஏங்கியதை அந்த ஆள் ஒரே கிழமையில் வீடு வீடாக இறைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜெசிதா முதலாளியிடம் திரும்பினாள். "உங்களிட்டை மொத்தம் எத்தினை பேர் வேலை செய்யினம்?"

"நிரந்தரமாய் ஒருத்தரும் இல்லை, மிஸ்."

வாங்கில் இருந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். கிருஷாந் உள்ளே தலையை நீட்டினான். "மிஸ், என்ரை பேரையும் எழுதுங்கோ." மற்ற இருவரும் அவனைத் தள்ளிக்கொண்டு வாசலை நிறைத்தார்கள்.

சீவரத்தினம் இரண்டு கைகளாலும் கதவை மறித்தார்.

"முதல் வந்தது நாங்கள் ரெண்டு பேரும்," என்றார். "நீங்கள் பின்னாலை வரிசையிலை நில்லுங்கோடா!"