பிரிக்காத மடிப்பு

முடிச்சூரில் வினிதா நடத்தும் தையல் கூடத்தில், ஊரார் கழித்துப் போட்ட ஜீன்ஸ் எல்லாம் பையாகவும் திண்டு உறையாகவும் மறுபிறவி எடுக்கும். மிஞ்சுகிற துண்டுகள் மூட்டை கட்டப்பட்டு, அரைத்து நூலாக்கப் போய்விடும். எதுவும் வீணாவதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் வினிதா சொல்வாள். நல்ல பெண்தான், சொன்னதில் பொய்யும் இல்லை. மனுஷருக்கு மட்டும் கடவுள் அந்த வசதியை வைக்கவில்லை.

அங்கே மெட்டில்டாவுக்குக் கத்திரி வேலை. ஜீன்ஸின் காலடி மடிப்பு மொத்தமாக இருந்தால் மெஷின் ஊசி உடையும். அதனால் அதை முதலில் வெட்டித் தள்ளிவிட வேண்டும். மகள் ஜாஸ்மின் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போன பிறகு, அவள் தலை நிமிராமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கை வெட்டும், மனசு எங்கேயோ கிடக்கும்.

ஜாஸ்மினிடம் இருந்தது ஒரே ஒரு ஜீன்ஸ். வளர்கிற பிள்ளை என்று தாம்பரம் மார்க்கெட்டில் பெரிதாகப் பார்த்து வாங்கி, இடுப்புக்கு பெல்ட் போட்டு, காலடியை உள்பக்கமாக மடித்து மடித்துத் தைத்திருந்தாள் மெட்டில்டா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் சாயம் போய் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். போன வருஷம் நான் இவ்வளவுதான் இருந்தேன் என்று அந்தக் கோட்டைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ளும் பெண். இன்னும் ஒரு மடிப்பு பிரிக்காமல் இருந்தது. அதோடுதான் அந்த ஜீன்ஸ் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. என்றைக்காவது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால், அன்றைக்கு மெட்டில்டா சாப்பிட மாட்டாள்.

புருஷன் லாசரஸுக்கு அது பொறுக்கவில்லை. பெருங்களத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வெள்ளை மனசு. சர்ச் வாசலில் பழைய துணி போடும் பெட்டி ஒன்று இருந்தது. கூடத்துக்காக அதை அங்கே கொண்டுவந்து வைத்ததே மெட்டில்டாதான். போடுங்கள், யாருக்காவது உதவும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் அவள் சொன்னதை அவனும் அப்படியே நம்பினான்.

புதன்கிழமை சாயங்காலம் பீரோவைத் திறந்தவள், அடித்தட்டு காலியாக இருந்ததைப் பார்த்து அலறிவிட்டாள்.

“யாரனா இல்லாத வூட்டுப் புள்ள போட்டுக்கும்னு போன வாரமே பொட்டில போட்டேன் மெட்டில்டா,” என்றான் லாசரஸ். “நீ ஒயுங்கா துன்னு எத்தினி நாளாச்சு.”

“போட்டுக்க மாட்டாங்கய்யா. வெட்டுவாங்க.”

இனி இந்த ஆளின் முகத்தில் விழிப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். விடிந்ததும் கூடத்துக்கு ஓடினாள். ஏற்கெனவே துவைத்து, வெட்டி, உள்பக்கம் வெளியே தெரியக் குவித்திருந்த ஜீன்ஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் ஒன்று போலவே வெளுத்துக் கிடந்தன. பழைய சுடிதார் துணியில் அவளே தைத்துக்கொடுத்த மஞ்சள் பாக்கெட்டை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறகுதான் காலடியைப் பார்த்தாள். கோடுகள் இல்லை. மடிப்பும் இல்லை. துண்டு மூட்டைகள் முந்தின நாளே லாரியில் போய்விட்டிருந்தன.

விஷயம் தெரிந்து வினிதா கண் கலங்கிவிட்டாள். இதையே ஒரு நல்ல பையாகத் தைத்துத் தரட்டுமா அக்கா என்று கேட்டாள். மெட்டில்டா வேண்டாமென்று தலையசைத்தாள். யார் வெட்டியது என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் லாசரஸ் ஆட்டோவை நிறுத்திவிட்டு, உள்ளே வர தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றான். நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்கிற முகம். மெட்டில்டாதான் உள்ளே கூப்பிட்டு ஜீன்ஸை அவன் கையில் கொடுத்தாள். அவன் காலடியைத் தடவிப் பார்த்தான். எந்தப் பாவி இதை வெட்டியது என்று கேட்டான்.

“கத்திரியே எறங்கல. எவ இவ்ளோ மொத்தமா மடிச்சு வச்சிருக்கான்னு திட்டிகினே வெட்டினேன்யா,” என்றாள் மெட்டில்டா. “நான்தான்.”