ஆர்பெல் பனிவெளி

இடங்களுக்குப் பெயர் வைக்கும் குழுவிலிருந்து வந்த கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. ஒரே பக்கத்தில் மூன்று முறை வருந்தியிருந்தார்கள். தென் துருவத்தில் நாங்கள் அந்தக் காலத்தில் வரைந்த வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். டல்லக் சிகரம் என்று நான் குறித்த இடத்தில் சிகரமே இல்லையாம், வெறும் பனிதானாம். அதனால் பெயரை நீக்குகிறார்கள். அருகில் பெயரில்லாத இடம் எதுவும் மிச்சமில்லை. வேண்டுமானால் அந்தப் பெயரை வைக்க நூறு மைல் தள்ளி ஒரு பாறை இருக்கிறதாம்.

"பாறையாம் பாறை!" என்று சமையலறையில் தனியாகக் கத்தினேன். கத்தினேனே தவிர, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அளந்தவன் நான். அந்த அளவில் ஓட்டை இருப்பது நாற்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியும்.

அறுபத்திரண்டு டிசம்பர். நான்கு பேர், இரண்டு சறுக்குவண்டி, பதினெட்டு நாய்கள். கார்த் டல்லக்கும் நானும் ஒரே கூடாரம். அவன் ஓமரு ஊர்க்காரன், நாய்களைப் பார்த்துக்கொள்பவன், நான் சர்வேயர். புயல் பிடித்து ஐந்து நாள் படுத்தே கிடந்தோம். அந்த ஐந்து நாளைப் போல ஒரு சுகத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். ஈரக் காலுறைகள் மூக்குக்கு நேரே தொங்கும். கார்த் பாடுவான், அவனுக்குப் பாடவே வராது. வெளியே நாய்கள் அதைவிடக் கொஞ்சம் நன்றாக ஊளையிடும்.

பேச்செல்லாம் பெயர்களைப் பற்றித்தான். காதலி பெயர் கூடாது, நாய் பெயர் கூடாது என்று குழு சொல்லி அனுப்பியிருந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களிடம் பெரிய கேவலம். கூடாரத்தில் பக்கத்தில் படுப்பவன்தான் முன்மொழிய வேண்டும். அதனால் புயல் நாட்களில் எல்லோரும் பக்கத்தில் படுப்பவனிடம் கொஞ்சம் பணிவாகவே நடந்துகொள்வார்கள்.

"டேய் லிண்ட்சே, இந்தப் பனிவெளிக்கு உன் பேரை எழுதப்போறேன்டா," என்றான் கார்த்.

"இதுக்கா? ஒரு மேடு இல்ல, பள்ளம் இல்ல."

"அதான். வெள்ளையா, தட்டையா, முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கு. நீ கதை சொல்ற மாதிரியே இருக்குடா."

"வாய்டா உனக்கு. உன் பேரை எதுக்கு வைக்கட்டும்?"

"நல்ல மலையா பாத்து வை. எங்க அம்மா வரைபடத்தை மாட்டி வச்சுப் பாக்கணும். கஞ்சியைக் கவுத்தவன்னு மட்டும் குறிப்பு எழுதிடாத."

சொன்னபடியே லிண்ட்சே ஆர்பெல் என்ற என் பெயரைப் படிவத்தில் எழுதினான். ஆர்பெல் பனிவெளி. உள்ளுக்குள் நான் பூரித்துப்போனேன்.

மூன்று வாரம் கழித்து, அதே பனிவெளியின் நடுவில், முன்னால் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டு போன கார்த் திடீரென்று இல்லை. மேலே மூடியிருந்த பனி உடைந்து பிளவுக்குள் போய்விட்டான். இருந்த கயிறு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு இறக்கினோம். இருநூறு அடி இறங்கியும் தரை தட்டவில்லை. ஆறு மணி நேரம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். என் தொண்டை கட்டிப்போய், கடைசியில் அவன் பெயரே வெறும் காற்றாகத்தான் வந்தது.

அவனுக்கு ஒரு மலை வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தேன். நான்காம் நாள் தெற்கே தூரத்தில் ஒரு கறுத்த முனை தெரிந்தது. கோணம் எடுத்து, வரைபடத்தில் அந்தத் திசைக்கு ஒரு கோடு போட்டேன். அடுத்த முகாமிலிருந்தும் தெரிந்தது. மறுபடி எடுத்தேன். இரண்டு கோடுகள் எங்காவது வெட்டத்தான் செய்யும். மூன்றாவது கோடு போட்டால்தான் உண்மை தெரியும். எங்கள் தொழிலில் கற்றுக்குட்டிக்கும் இது தெரியும். மூன்றாவது முகாமில் மூடுபனி. காத்திருந்திருக்கலாம். நான் பார்த்தவை இரண்டு வேறு குன்றுகள். குளிர்காற்று கானல் போல இரண்டையும் தூக்கிக் காட்டியிருக்கிறது. ஒருவேளை மூன்றாவது கோடு மலையைப் பறித்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் காத்திருக்காமல், இரண்டு கோடுகள் வெட்டிய இடத்தில் டல்லக் சிகரம் என்று எழுதினேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓமருவுக்குக் காரில் போனேன். கார்த்தின் அக்கா நோயலினுக்கு எழுபத்தாறு வயது. கூடத்துச் சுவரில் அந்த வரைபடம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. டீ வைத்தாள், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி வைத்தாள். பிறகு கடிதத்தைப் படித்தாள்.

"மலையே இல்லையா?"

"இல்ல."

"அளந்தது நீதானே?"

"நான்தான்."

சிரித்தாள். "அம்மா செத்துப்போற வரைக்கும் தினமும் காலைல அந்த மலையைத் தொட்டுட்டுத்தான் வெளிய போவா. கண்ணாடில பாரு, அந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கு." பிறகு எழுந்து வரைபடத்தருகே போனாள். "சரி, மலை இல்ல. அவன் விழுந்த இடம் இருக்குமில்ல? எங்கன்னு விரல் வச்சுக் காட்டு."

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மலையடிவாரத்தில் விழுந்தான் என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள், நானும் திருத்தவில்லை. விரலை வைத்தேன். பனிவெளி நெடுக என் பெயரின் எழுத்துகள் இடம் விட்டு இடம் விட்டு அச்சாகியிருந்தன. அவற்றின் நடுவில்தான் விரல் நின்றது.

நோயலின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "உன் பேருக்கு அடியிலயா கிடக்கான்?"

"அவன்தான் எனக்குக் கொடுத்தான், நோயலின்."

"கொடுத்தப்ப உயிரோட இருந்தான். அதுக்கப்புறமும் நீதானே வச்சுக்கிட்ட?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேரப்பிள்ளைகளுக்கு உலகப் படத்தில் என் பெயரைக் காட்டிக் காட்டி நான் அடைந்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது. அவன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அவனை அவமதித்ததாகும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசையைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

குழு அனுப்பிய உறையில், பாறைக்காக, ஒரு படிவமும் இருந்தது. அவள் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். இப்போதைய பெயர்: ஆர்பெல் பனிவெளி. புதிய பெயர்: டல்லக் பனிவெளி. மாற்றுவதற்கான காரணத்துக்கு நான்கு வரி விட்டிருந்தார்கள். கோண அளவு, பயண வரலாறு என்று ஏதேதோ தோன்றியது. கடைசியில் ஒரு வரிதான் எழுதினேன்.

"கார்த் டல்லக் இங்கே இருக்கிறான். நான் இல்லை."

கையெழுத்துப் போட்டு நோயலினிடம் நீட்டினேன்.