தங்கையின் பெயரில் அக்காவின் ரத்தம்

“கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்! இன்னொரு தடவை பேச்செடுத்தே, இந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சு உன் வாயிலயே திணிச்சிடுவேன்!”

“கிழிடி, நல்லா கிழி! அது உன்னோடதே இல்ல!”

மூன்றாம் மாடியிலிருந்து இது கேட்டபோது, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நான் படிக்கட்டில் குப்பை வாளியோடு நின்றிருந்தேன். வாளி காலிதான், அது இப்போது எதற்கு?

கத்தியவர்கள் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். நான்கு நிமிடம் முந்திப் பிறந்த அக்கா தையற்காரி. பத்து வயதில் அவளுடைய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் கணையத்தைத் தாக்கிவிட, அன்றிலிருந்து தினமும் இன்சுலின். தங்கை பஸ் ஓட்டுகிறாள். லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். ஊசியைக் கண்டால் சரிந்துவிடுவாள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அக்காவின் டாக்டர் அவளுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாக்குதல் தொடங்கியிருந்தால் சர்க்கரை ஏறும் முன்பே தெரிந்துவிடுமாம். ரிப்போர்ட்டில் அதன் அறிகுறிகளுக்கு மூன்று வரி, மூன்றிலும் ‘உள்ளது’. மாப்பிள்ளை தலையில் நோயைக் கட்டமாட்டேன் என்று நான்கு நாளாகத் தங்கை பிடிவாதம்.

“என்னோடது இல்லன்னா?”

“லேப்ல நீ மயங்கிட்டே. நான்தான் கையை நீட்டினேன். ஒரே மூஞ்சி, ஒரே ரத்தம்னு நினைச்சுத் தொலைச்சேன். இன்னைக்கு டாக்டர்கிட்ட உளறினதும் கிழிகிழின்னு கிழிச்சிட்டார். ஒண்ணாப் பிறந்தாலும் எதிர்ப்புச் சக்தி அவங்கவங்க உடம்புல தனித்தனியாத்தான் மாறுமாம்.”

“அறிவிருக்கா உனக்கு? நாலு நாளா நான் அழுதேனே!”

மறுநாள் லேபில் அக்கா தங்கையின் கண்ணைப் பொத்தினாள், நான் காலைப் பிடித்தேன். துணைக்குத்தான் போனேன், வேறொன்றும் இல்லை. எட்டாம் நாள் மூன்று வரியிலும் ‘இல்லை’. வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர்.

தங்கை சிரித்தாள். தேம்பி அழுதது அக்கா.

“பதினேழு வருஷமா நீ எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறேன்னு எண்ணிட்டிருந்தேன்டி. தாகம்தான் எனக்கு முதல்ல வந்துச்சு.”

“அடிப்பாவி, அதான் சொம்பை ஒளிச்சு வச்சியா?” என்ற தங்கை, அவள் எதிரிலேயே இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்துக் காட்டினாள்.

கல்யாணம் முடிந்து தங்கை புருஷனோடு வேறு தெருவுக்குப் போய்விட்டாள், லிஃப்டே இல்லாத வீட்டுக்கு. அக்கா இன்னும் மூன்றாம் மாடியில்தான். ஆள்மாறாட்டம் தெரியாமல் ரத்தம் எடுத்த லேப்காரர், மன்னிப்புக் கேட்க வந்தவர், வாரம் ஒரு பேண்ட்டை உயரம் குறைக்க அவளிடம் கொண்டுவருகிறார். மனிதருக்கு இருப்பது இரண்டு கால்தான், நானே பார்த்தேன்.